ஏழாவது கில்டோரன் பிரபு

அயர்லாந்தின் கில்டோரன் பிரபு பட்டம் செத்து நாற்பத்தேழு வருஷம் கழித்து, விருதுநகரில் ஒரு மாடி அறையில் வைத்து அதற்கு மறுபடி உயிர் வந்தது.

உயிர் கொடுத்தவன் காளீஸ்வரன். வயது நாற்பத்தைந்து. கீழே மிளகாய் வற்றல் கிட்டங்கி, மேலே ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு லேப்டாப். மூட்டை இறங்குகிற நாட்களில் நெடி படியேறி வந்து கண்ணைக் கரிக்கும். பழக்கமில்லாதவர்கள் தும்மியே செத்துப்போவார்கள். ஆனால் பழக்கமில்லாதவர்கள் யாரும் அங்கே வருவதில்லை. பழகியவர்களும் வருவதில்லை. கல்யாணமாகி எட்டாம் மாதம் கோயம்புத்தூருக்குப் போன மனைவி திரும்பவே இல்லை. "பார்சலா, இங்கயேவா?" என்று மெஸ்ஸில் கேட்பதுதான் பல நாட்களில் அவனிடம் மனுஷர்கள் கேட்கிற ஒரே கேள்வி.

வேலை கொஞ்சம் விசித்திரமானது. அடுத்தவன் வீட்டுச் சரித்திரம் எழுதுவது. லண்டனிலோ டப்ளினிலோ யாரோ ஒருவருக்குத் தன் கொள்ளுப்பாட்டன் யார் என்று திடீரென்று தெரிந்துகொள்ள ஆசை வரும். மதுரையில் முத்துச்செல்வி என்கிற பெண் நடத்தும் சின்னக் கம்பெனிக்கு அந்த ஆர்டர் வந்து சேரும். சர்ச் பதிவுகள், பழைய பத்திரிகைகள், பிரபுக்களின் வம்சாவளிப் புத்தகங்கள் என்று துழாவி, காளீஸ்வரன் அதைக் கதை மாதிரி எழுதித் தருவான். முத்துச்செல்வி சரிபார்த்து அனுப்புவாள். இங்கிலீஷ் எம்.ஏ. படித்ததற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம் அது.

அப்படி வந்த ஆர்டர்தான் கில்டோரன்.

கேட்டவர் பெயர் ஃபின்டன். எழுபது வயது, ரிட்டயரான பஸ் டிரைவர். எரிந்துபோன ஒரு பழைய பங்களாவின் வாசலில் இருக்கும் காவல்காரர் வீட்டில் தனியாக இருக்கிறார். முதல் வீடியோ காலில் அவர் சொன்னது இரண்டே விஷயம்.

"கடைசி கில்டோரன் பிரபு ஜெரால்டு என்னோட அப்பா. கைக்குழந்தையா இருந்தப்போ என்னைத் தத்து எடுத்தார். அந்தப் பட்டத்தோட கதை எனக்கு வேணும். எப்படி ஆரம்பிச்சுது, எப்படி முடிஞ்சுது, எல்லாம்."

காளீஸ்வரன் தோண்ட ஆரம்பித்தான். தோண்டத் தோண்டச் சுவாரஸ்யம். முதலாவது பிரபு ஆயிரத்து எண்ணூறாம் வருஷம் அயர்லாந்தின் பாராளுமன்றத்தையே கலைத்துவிட ஆதரவாக ஓட்டுப் போட்டவர். சொந்த வீட்டுக் கூரையைப் பிரிக்கக் கை தூக்கியதற்குக் கிடைத்த சன்மானம்தான் பிரபு பட்டம். இரண்டாமவர் குதிரைப் பந்தயத்தில் பாதி நிலத்தை விட்டார். மூன்றாமவர், ஊரே பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது இத்தாலியில் ஓவியம் கற்றுக்கொண்டிருந்தார். நான்காமவர் சண்டையில் போனார். ஐந்தாமவர் காலத்தில் ஒரு ராத்திரி ஆட்கள் வந்து பங்களாவுக்குத் தீ வைத்தார்கள். அவர் இரவு உடுப்போடு புல்தரையில் நின்று, கிளிக்கூண்டை மட்டும் கையில் பிடித்தபடி அதை வேடிக்கை பார்த்தார். ஆறாமவர் ஜெரால்டு. மிச்சமிருந்த காவல்காரர் வீட்டில் குடியிருந்து, கோழி வளர்த்து, முட்டை விற்றுப் பிழைத்த பிரபு.

வம்சாவளிப் புத்தகத்தில் ஜெரால்டின் பெயருக்குக் கீழே ஒரே வரி. 'வாரிசு இன்றிப் பட்டம் அற்றுப்போனது.'

காளீஸ்வரனுக்குச் சுருக்கென்றது. மகன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது வாரிசு இல்லை என்று எவன் எழுதினான்? தத்து எடுத்ததை அந்தப் புத்தகக்காரர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படித்தான் அவன் நினைத்தான். நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எவனும் அப்படித்தான் நினைப்பான். தத்துப் போன பிள்ளை பெற்ற வீட்டுக்கு இல்லை, எடுத்த வீட்டுக்குத்தான். கொள்ளி வைப்பதும் அவன், திவசம் கொடுப்பதும் அவன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அவனுக்கு இதில் சந்தேகம் வரக்கூடாது என்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. காளீஸ்வரனும் தத்துப்பிள்ளை.

ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவருக்கு ஐந்தாவதாகப் பிறந்தவன். ஆறு வயதில் ஒரு வைகாசி முகூர்த்தத்தில், பெற்றவர்கள் கட்டியிருந்த அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டுப் புதுக் கயிறு கட்டி, எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி முதலாளி காளிராஜின் மடியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில். அன்றிலிருந்து அவன் காளிராஜ் மகன். அப்பா, அம்மா இருவருக்கும் கொள்ளி வைத்ததும் அவன்தான். காளிராஜ் காலமாகி, போன மாதத்தோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

இப்போது ஆடி பதினெட்டு வருகிறது. அதுதான் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும் விஷயம்.

தீபாவளிக்குச் சில்லறை வியாபாரம் தொடங்குவது ஆடி பதினெட்டில்தான். கம்பெனிக்குள்ளே ஒரு தீக்குச்சி கொண்டுபோக முடியாது. ஆனால் அன்றைக்குக் காலை, கம்பெனிக்கு வெகு தள்ளி மெயின் ரோட்டில் இருக்கும் கடை முன்னால் பூஜை போட்டு, எதிரே பொட்டலில் அந்த வருஷத்துச் சரக்கில் முதலாவதைக் கொளுத்துவார்கள். முன்னெல்லாம் சரம். சரவெடிக்குக் கோர்ட்டுத் தடை வந்ததிலிருந்து, மேலே போய் ஒவ்வொன்றாக வெடிக்கும் பேன்சி ஷாட் பெட்டி. திரியில் வத்தி வைப்பது அந்தக் குடும்பத்தின் பெரிய முதலாளி. நாற்பது வருஷம் வத்தி வைத்தவர் காளிராஜ். போன வருஷம் துக்கம் என்பதால் யாரும் வைக்கவில்லை.

இந்த வருஷம் யார்?

காளிராஜின் தம்பி மகன் மணிகண்டராஜ்தான் கம்பெனியை நடத்துகிறார். காளீஸ்வரனைவிட ஐந்து வயது மூத்தவர். தலைத்திவசம் முடிந்த அன்றைக்கே கையைக் கழுவிக்கொண்டு, பந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

"தம்பி, சொத்துல ஒம் பங்கு ஒனக்கு. அதுல ஒரு துரும்பைக்கூட நான் தொட மாட்டேன். ஆனா வத்தி வைக்கிறது வேற. அது ரத்தம்."

"பெரியவருக்குக் கொள்ளி வச்சது நான்ண்ணே. அப்ப ஒருத்தரும் ரத்தம் பாக்கலையே?"

"கொள்ளி அவருக்கு. வத்தி குடும்பத்துக்கு." மணிகண்டராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீயா ஒதுங்கிக்கிட்டேன்னா ஒனக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

அந்தப் புண்ணோடு இருந்தவன் கண்ணில்தான் கில்டோரன் பட்டது.

முத்துச்செல்வி பார்க்காமல் வாடிக்கையாளருக்கு ஒரு வரிகூட அனுப்பக்கூடாது என்பது கம்பெனி விதி. காளீஸ்வரன் விதியை ஓரமாக வைத்தான். நேராக ஃபின்டனுக்கே எழுதினான். "பட்டம் அற்றுப்போகவில்லை. புத்தகம்தான் தப்பு. ஜெரால்டின் மகன் நீங்கள். ஆகவே ஏழாவது கில்டோரன் பிரபு நீங்கள்தான்."

பதிலாக ஒரு வார்த்தை வந்தது. "நிச்சயமாகவா?"

"நிச்சயமாக, பிரபுவே" என்று எழுதி அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

எம். புதுப்பட்டியில் கணக்கர் இராமகிருஷ்ணன்தான் முதலில் அவனைப் பார்த்தார். காளிராஜ் காலத்து ஆள்.

"வாங்க சின்ன முதலாளி! என்ன, வெயில்ல மொகமெல்லாம் செவந்து போயி... சாப்பிட்டீகளா?"

"அப்புறம் சாப்பிடுதேன் மாமா. அண்ணன் இருக்காகளா?"

மணிகண்டராஜ் லேபிள் மாதிரிகளைப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனாவுக்கு ஒருமுறை கண்காட்சி பார்க்கப் போய்வந்ததிலிருந்து அவருக்கு வெளிநாடு என்றால் ஒரு தனி மரியாதை. கம்பெனியின் நன்றாக ஓடுகிற பெட்டியில் சிங்கமும் கிரீடமும் போட்டதும் அவர் யோசனைதான்.

காளீஸ்வரன் நின்றபடியே சொல்லி முடித்தான். பாராளுமன்றம், குதிரை, கிளிக்கூண்டு, முட்டை வியாபாரம், தத்து, பட்டம். ஒன்றையும் விடவில்லை.

"இரு, இரு" என்றார் மணிகண்டராஜ். "லார்டுன்னா, நெசமாவே லார்டா?"

"இருநூத்திச்சொச்ச வருசத்துப் பட்டம்ண்ணே. அதுவே தத்துப்பிள்ளைக்குப் போகுது."

"வெள்ளக்காரன் ரத்தம் பாக்கலையா?"

"பாக்கலை."

இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லார்டு பட்டமே தத்துக்குப் போகுதுன்னா, ஊதுவத்திக்கென்ன முதலாளி, கிரீடமா வச்சிருக்கு?"

மணிகண்டராஜ் சிரித்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதை மாற்ற அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அந்தச் சாக்கு கப்பலேறி வந்திருக்கிறது.

"சரிலே. வெள்ளக்காரனே ஒத்துக்கிட்டதை நான் என்ன மறுக்குறது? ஆடி பதினெட்டுக்குக் காலைல வந்திரு. நீயே வையி."

திரும்பி வந்த பஸ்ஸில் காளீஸ்வரனுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். காஸ் ஏஜென்சி. மெஸ். மதுரை ஆபீஸ். 'அப்பா' என்ற பெயர் இன்னும் அழிக்காமல் கிடந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சந்தோஷம் புதன்கிழமை வரைக்கும்தான்.

முத்துச்செல்வி போனில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு லார்டு பட்டத்தைத் தூக்கிக் குடுத்திருக்கீகளே, அது என்ன சாத்தூர்ச் சேவுப் பொட்டலமா?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அந்தப் பெரியவர் எனக்கு நன்றி சொல்லி மெயில் போட்டிருக்காரு. கீழ கையெழுத்து 'கில்டோரன்'னு போட்டிருக்காரு. ஒடனே லண்டன்ல இதுக்குன்னே இருக்கிற ஆளுகிட்டக் கேட்டேன். அங்கன பிரபு பட்டம் பெத்த பிள்ளைக்கு மட்டுந்தான். தத்துப்பிள்ளைக்குச் சொத்து போகும், பட்டம் போகாது."

காளீஸ்வரன் அதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தான். சொத்து போகும், பட்டம் போகாது. பந்தியில், துண்டை உதறிக்கொண்டு, வேறு வார்த்தைகளில் இதையேதான் மணிகண்டராஜ் சொன்னார்.

"லைன்ல இருக்கீகளா? புத்தகம் சரி அண்ணாச்சி. நீங்கதான் தப்பு. எழுபது வயசு மனுஷன். நீங்களே பேசி நீங்களே முடிங்க. இல்லேன்னா நான் பேச வேண்டியிருக்கும், எனக்கு அம்புட்டுப் பதமாப் பேச வராது."

மறுநாள் மத்தியானம் அவன் ஃபின்டனைக் கூப்பிட்டான். அயர்லாந்தில் அப்போது காலை. திரையில் சின்ன சமையலறை, ஜன்னலில் மழை. ஃபின்டன் சவரம் செய்து, தலையைப் படிய வாரி, டை கட்டியிருந்தார். இதற்கு முன் பேசிய தடவையெல்லாம் பழைய கம்பளிச் சட்டைதான்.

அந்த டையைப் பார்த்ததும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் காளீஸ்வரனுக்கு மறந்துபோயிற்று.

"சார், நான் தப்பா எழுதிட்டேன்" என்றான். "அந்தப் பட்டம் உங்களுக்கு வராது. தத்து எடுத்த பிள்ளைக்கு அது கிடையாதாம். மன்னிச்சிருங்க."

ஃபின்டன் அசையவில்லை. திரைதான் உறைந்துவிட்டதோ என்று பார்த்தால், ஜன்னலில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அப்பா செத்தப்போ வக்கீலும் அதைத்தான் சொன்னார்" என்றார் கடைசியில். "எனக்கு இருபத்திமூணு வயசு. சட்டத்தை மாத்தியிருப்பாங்க போலன்னு நினைச்சேன். நீ அவ்வளவு உறுதியா எழுதியிருந்தே."

"யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா சார்? நான் வேணும்னா அவங்களுக்கும் எழுதி..."

"யாருகிட்டச் சொல்ல?" அவர் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பு மாதிரி இருந்தது. "மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு எரிஞ்ச பங்களா வரைக்கும் நடந்தேன். அங்கே சுவர் மட்டும்தான் இருக்கு, உள்ளே மரம் முளைச்சிருக்கு. நடுவுல நின்னு 'வந்துட்டேன்'னு சொன்னேன். சொன்னதும் வெட்கமாப் போச்சு. திரும்பிட்டேன். அவ்வளவுதான் நான் பிரபுவா இருந்தது."

"நீ ஏன் அப்படி எழுதினே?" என்று கேட்டார் ஃபின்டன். கோபமாக இல்லை. வழி கேட்கிற மாதிரி.

"எங்க ஊர்ல தத்துப்பிள்ளைதான் சார் பிள்ளை."

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

அந்த ஒரு கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல அவன் நாக்கு புரளவில்லை. ஆகவே எல்லாவற்றையும் சொன்னான். ஆலங்குளம், அரைஞாண் கயிறு, காளிராஜ், ஊதுவத்தி. ஃபின்டனை வைத்துத்தான் அண்ணனிடம் ஜெயித்ததையும் சொன்னான். எத்தனையோ மாதம் கழித்து ஒரு மனுஷனோடு இவ்வளவு நேரம் பேசுகிறோம் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது.

ஃபின்டன் டையைத் தளர்த்தி, கழற்றி, மேஜைமேல் வைத்தார்.

"என்னை வச்சு நீ ஜெயிச்சே. அது அப்படியே இருக்கட்டும். நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்லை. என் கதையை மட்டும் புத்தகத்துல இருக்கிற மாதிரியே முடிச்சிடு. அற்றுப்போனதுன்னே எழுது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா கடைசி வாரத்துல அவர் பக்கத்துல இருந்தது யாருன்னு எழுதலாம் இல்லையா? அதுக்குச் சட்டம் ஒண்ணும் குறுக்கே வராதே?"

"வராது சார்."

வெள்ளிக்கிழமை கில்டோரன் சரித்திரம் முடிந்தது. பட்டம் அற்றுப்போனது என்ற வரிக்கு மேலே, கடைசி வாரத்தில் ஜெரால்டுக்குக் கஞ்சி ஊட்டியதும், சவப்பெட்டிக்கு முன்வரிசையில் தோள் கொடுத்ததும் மகன் ஃபின்டன் என்று எழுதினான். முத்துச்செல்வி ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

அங்கே உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது. மணிகண்டராஜுக்குத்தான் இன்னும் போகவில்லை.

அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? இராமகிருஷ்ணன் மாமாவுக்கு எப்படித் தெரியும்? பேசாமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் போய், வத்தியை வாங்கி, திரியில் வைத்தால் போதும். ஒரு தரம் வைத்துவிட்டால் அடுத்த வருஷம் கேள்வியே கிடையாது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே இதைத் திரும்பத் திரும்பத் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

ஆடி பதினெட்டு. மெயின் ரோட்டுக் கடைக்கு வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்து, சாம்பிராணிப் புகை ரோடு வரைக்கும் வந்திருந்தது. ஏஜெண்டுகள், லாரிக்காரர்கள், உறவுக்காரர்கள், கம்பெனிப் பெண்கள் என்று நல்ல கூட்டம். எதிர்ப் பொட்டலில், சிங்கமும் கிரீடமும் போட்ட ஷாட் பெட்டி மஞ்சள் குங்குமத்தோடு தயாராக இருந்தது.

காளீஸ்வரனுக்குக் கடைசி நேரத்தில் மனசு கேட்கவில்லை. மணிகண்டராஜைக் கடைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, அந்த அயர்லாந்து விசயம் தப்பு. அங்கன தத்துக்குப் பட்டம் கெடையாதாம்."

மணிகண்டராஜ் முகம் சுண்டியது. சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏலே, இப்பவா வந்து சொல்லுவ? ஏஜெண்டு அம்புட்டுப் பேருகிட்டயும் லார்டு கதையைச் சொல்லி வச்சிருக்கேன். எம் மானம் என்னத்துக்காகும்? ஒண்ணும் பேசாத. வாய மூடிக்கிட்டு வந்து வையி."

ஆக, இப்போது அண்ணனே சொல்லிவிட்டார். கதவு அகலத் திறந்துவிட்டது.

இராமகிருஷ்ணன் வத்தியைப் பற்றவைத்து, நீள மூங்கில் குச்சியின் நுனியில் செருகி, இரண்டு கையாலும் நீட்டினார். காளீஸ்வரன் வாங்கினான். நுனியில் கனல் சிவப்பாக இருந்தது. பொட்டலைப் பார்த்து நாலடி வைத்திருப்பான். பக்கத்தில் ஒரு திருச்சி ஏஜெண்டு, இன்னொருவர் காதில் ஓதுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார்.

"இவுகளுக்கு உரிமை கெடையாதாம்யா. ஏதோ வெளிநாட்டு லார்டுக்கு நடந்துச்சாம், அதைப் பாத்து மணிகண்டராஜ் பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுத்துட்டாரு."

காளீஸ்வரன் நின்றுவிட்டான்.

மழையில், கூரையில்லாத ஒரு பங்களாவுக்குள் நின்றுகொண்டு வந்துட்டேன் என்று சொன்ன கிழவரின் முகம் கண் முன்னால் வந்தது. அவருக்காவது அங்கே கேட்க ஆள் இல்லை. வெட்கத்தோடு திரும்பி நடந்துவிட முடிந்தது. இங்கே ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவன் திரும்பினான்.

"அண்ணே, எல்லாருக்கும் கேக்கட்டும். அந்த லார்டு கதை தப்பு. அங்கன தத்துப்பிள்ளைக்குப் பட்டம் இல்லை. அதைச் சொல்லிக் கேட்டது என் தப்பு." கனலிலிருந்து சாம்பல் உதிர்ந்தது. "அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். காளிராஜ் மகன்னு கேக்குதேன். அதுக்காக மட்டும் குடுத்தா வைக்கிறேன். குடுப்பீகளா?"

பூசாரி மணி அடிப்பதை நிறுத்தினார். ரோட்டில் போன லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. கம்பெனிப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

ஒருவர், ஒரே ஒருவர், 'குடுங்கப்பா' என்று சொல்லியிருக்கலாம்.

மணிகண்டராஜ் அருகில் வந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட மனிதனின் தவிப்புதான் இருந்தது. "நான்தான் வாய மூடிக்கிட்டு வையின்னேனேலே" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு அவன் கையிலிருந்து குச்சியை எடுத்தார். பிடுங்கவில்லை. கனல் அவன்மேல் பட்டுவிடாமல், பக்குவமாக, நுனியை வெளிப்பக்கம் திருப்பி எடுத்தார்.

யாரோ அவன் கையில் லட்டுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார்கள். வந்திருந்த எல்லாருக்கும் கொடுக்கிற பொட்டலம்.

அவன் யாரையும் பார்க்காமல் ரோட்டோரமாக நடந்தான். பஸ் நிறுத்தத்தில் ஆளில்லை. வேப்பமர நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதில் காய்ந்த இலைகள். பொட்டல் அங்கிருந்து தெரியாது.

முதல் ஷாட் கிளம்பியது.

காதைப் பொத்தத் தோன்றவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் யாரும் பொத்த மாட்டார்கள். காது தானாகவே வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கிளம்புகிற சத்தத்துக்கும் மேலே போய் வெடிக்கிற சத்தத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் இடைவெளி. எங்காவது ஒன்று நமத்திருந்தால் அங்கே ஒரு ஓட்டை விழும். காளிராஜ் இப்படித்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். ஓட்டை விழுந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

ஓட்டை விழவில்லை. கடைசி ஷாட் வரைக்கும் ஒரே சீராகப் போய், பட்டப்பகலில் வானத்தில் வெள்ளைப் புகைமொட்டுகளாக நின்றது. தூரத்தில் கைதட்டல் கேட்டது. தன் மனசுக்குள் ஒரு திருப்தி வந்து உட்கார்ந்ததைக் கண்டு காளீஸ்வரனுக்கே எரிச்சலாக இருந்தது.

விருதுநகர் பஸ் வந்தது. ஏறி, காலியாக இருந்த மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கண்டக்டர் குனிந்து வெளியே வானத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னா அடி! சரக்குன்னா இதுல்ல சரக்கு. எந்தக் கம்பெனி அண்ணாச்சி இது?"

"எங்கப்பா கம்பெனி" என்றான் காளீஸ்வரன்.

"எங்க போகணும்?"

"விருதுநகர். ஒண்ணு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துபோனார்.